350 சி.சி. கோட்டுக்கு இந்தப் பக்கம்: ஆர்.ஆர். 310-ஐ லோனில் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். வயது 27. கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். வீட்டுக்கு 15,000 கொடுக்கிறேன். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய பர்சனல் லோனுக்கு 6,500 போகிறது, இன்னும் 9 மாதம் பாக்கி. எஸ்.ஐ.பி. 3,000. மற்ற செலவு போக மாதம் 9,500 மிஞ்சும். எஃப்.டி.யில் 1.2 லட்சம் இருக்கிறது, தீபாவளி போனஸ் 25,000 வரும். டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 வாங்க ஆசை. ஆன்-ரோடு 3.2 லட்சம் சொல்கிறார்கள். எஃப்.டி.யை உடைத்து 70,000 கட்டிவிட்டு மீதிக்கு 3 வருட லோன் போடலாம் என்று இருக்கிறேன். நண்பன், "இன்னும் கொஞ்சம் போட்டு கே.டி.எம். ஆர்.சி. 390 எடு" என்கிறான். அப்பா, "மூணு லட்சத்துக்கு வண்டியா கண்ணு, அந்தக் காசுல தோட்டத்துல போர் போட்டிருக்கலாமே" என்கிறார். ஆபீஸ் போக வர தினம் 44 கி.மீ. இப்போது ஓட்டுவது ஸ்பிளெண்டர். என்ன செய்யலாம்?

பதில்: ஆசைப்படுவது தவறு என்று சொல்லப் போவதில்லை. இந்த வண்டியை எதற்காகப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்தால், அதில் கணக்குத் தெரிந்த புத்தியும் இருக்கிறது.

2017 டிசம்பரில் வந்த வண்டி இது. டி.வி.எஸ்.ஸும் பி.எம்.டபிள்யூ.வும் 2013-ல் கைகோத்ததன் பலனாகப் பிறந்த 312.2 சி.சி. ஒற்றை சிலிண்டர் இன்ஜின். சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும். காற்று முன்னாலிருந்து உள்ளே போய், புகை பின்னால் வெளியேறும். இதே இன்ஜின் பி.எம்.டபிள்யூ. சின்னத்தோடு ஜி 310 ஆர்.ஆர். என்ற பெயரில் 2022-ல் வந்தபோது விலை கூடுதலாகவே இருந்தது. இரண்டும் ஓசூரில் தயாரானவைதான். "அதே இன்ஜின், குறைந்த விலை" என்று ஆர்.ஆர். ஓட்டுபவர்கள் பெருமையாகச் சொல்வதில் நியாயம் உண்டு.

முதலில் வந்த வண்டிகளில் அதிர்வு அதிகம் என்று ஓட்டியவர்கள் குறைபட்டார்கள். 2020 மாடலில் வண்டி நன்றாகத் தேறியது. மழை, நகரம் ஆகிய இரண்டு மோடுகளில் 25.8 குதிரைசக்தி, ஸ்போர்ட், டிராக் மோடுகளில் முழு 34 என்று பிரித்தார்கள். 2024-ல் அது 38 ஆனது. கே.டி.எம்.மில் 43-க்கு மேல். வெறும் வேகம்தான் கணக்கு என்றால் உங்கள் நண்பன் சொல்வது சரி. ஆனால் ஆர்.ஆர். வாங்குபவர்களிடம் பேசிப் பாருங்கள், வேகத்தை முதலில் சொல்ல மாட்டார்கள். திங்கட்கிழமை அவிநாசி ரோட்டு நெரிசலில் மணிக்கட்டு வலிக்காமல் ஓட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வால்பாறை ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி சாய வேண்டும். ஹேண்டில்பார் அவ்வளவு கீழே இல்லாததால் இரண்டும் ஒரே வண்டியில் நடக்கிறது. ஒரு விஷயம் மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: டி.வி.எஸ். போர்டு தொங்கும் எல்லா இடத்திலும் இந்த வண்டியைத் தொட மாட்டார்கள். உங்கள் பக்கத்து சர்வீஸ் சென்டரில் இதற்கு ஆள் இருக்கிறாரா?

இப்போது நண்பன் சொன்ன "இன்னும் கொஞ்சம்" எவ்வளவு என்று பார்ப்போம். 350 சி.சி. என்பது நம் நாட்டில் ஒரு கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோட்டுக்குள் இருக்கும் பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. கோட்டைத் தாண்டியவற்றுக்கு, செஸ்ஸோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆக ஏறியது. 312 சி.சி. உள்ளே, ஆர்.சி. 390-ன் 373 சி.சி. வெளியே. இன்ஷூரன்ஸிலும் இதே கோடுதான். புது வண்டிக்குக் கட்டாயமான 5 வருட மூன்றாம் நபர் காப்பீடு, 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 150-லிருந்து 350 சி.சி. வரை 7,365 ரூபாய், அதற்கு மேலே போனால் 15,117. வண்டி விலை ஏறினால் 12 சதவீத வாழ்நாள் சாலை வரியும் கூடவே ஏறும். ஆகவே "இன்னும் கொஞ்சம்" என்பதில் பாதி வண்டிக்குப் போகாது, அரசாங்கத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் போகும்.

சரி, வண்டித் தேர்வில் எனக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை உங்கள் லோன் கணக்கில்.

ஷோரூமில் "வெறும் 7 சதவீதம்தான் சார்" என்பார்கள். அது பிளாட்டா (கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி), ரெட்யூசிங்கா (பாக்கி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி) என்று கேளுங்கள். 2.5 லட்சத்துக்கு 7 சதவீதம் பிளாட் என்றால் 3 வருடத்துக்கு வட்டி 52,500, மாதத் தவணை 8,403. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முழு 2.5 லட்சத்துக்கே போடப்படுகிறது. ரெட்யூசிங் முறையில் பார்த்தால் அது 13 சதவீதத்தை ஒட்டி வரும். தவணையைக் குறைத்துக் காட்ட 5 வருடம் போடலாம் என்பார்கள். தவணை 5,625 ஆகும், வட்டி 87,500 ஆகும். வேண்டாம்.

உங்களிடம் மிஞ்சுவது 9,500. தவணை 8,403. மீதி ஆயிரத்துச் சொச்சம். பெட்ரோலைப் பாருங்கள்: மாதம் 25 நாள் ஆபீஸ் என்றால் 1,100 கி.மீ. ஸ்பிளெண்டர் லிட்டருக்கு 60 கொடுத்தால் 18 லிட்டர். ஆர்.ஆர். 30 கொடுத்தால் 37 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே கூடுதல் செலவு 1,800-ஐத் தாண்டும். முதல் மாதமே பற்றாக்குறை. டயர், சர்வீஸ், வருடாந்திர இன்ஷூரன்ஸ் எல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. அதனால் ஸ்பிளெண்டரை விற்காதீர்கள். ஆபீஸுக்கு அதுவே போகட்டும். அதற்கு மூன்றாம் நபர் காப்பீடு வருடம் 714 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான்.

இன்ஷூரன்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரி வண்டிகளில் எல்லோரும் அடிபடுவது அங்கேதான். உடம்பு முழுக்க ஃபேரிங், அதாவது பிளாஸ்டிக். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான் தருவார்கள். மீதிப் பாதி தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவரின் வண்டி சரிவான இடத்தில் நின்றபடியே சாய்ந்தது. இன்ஜினுக்கு ஒரு கீறல் இல்லை. ஒரு பக்கத்து ஃபேரிங், கண்ணாடி, இண்டிகேட்டர் போனது. பில்லில் பாதியை அவரே கட்டினார். ஸ்பிளெண்டர் சாய்ந்தால் மிதித்து நிமிர்த்திக்கொண்டு போய்விடலாம், இதில் முடியாது. முதல் மூன்று நான்கு வருடமாவது தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்ரிசியேஷன்' சேர்த்தே எடுங்கள். அப்புறம், செட்டிபாளையம் காரி ஸ்பீட்வேயில் நண்பர்களோடு டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால், பாலிசியில் "உபயோக வரம்பு" என்ற பத்தியைப் படியுங்கள். ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் காப்பீடு கிடையாது. அங்கே விழுந்தால் செலவு முழுக்க உங்களுடையது.

என் யோசனை இதுதான்: இன்று வாங்க வேண்டாம். அடுத்த மாதம் முதல் 8,400 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) போடுங்கள். தவணைக்கான ஒத்திகை இது. 9 மாதமும் தவறாமல் கட்ட முடிந்தால் 75,600-ம் வட்டியும் கையில் இருக்கும், அதுவே முன்பணம். இரண்டு மாதம் தவறினீர்கள் என்றால், லோன் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்குள் கல்யாணக் கடன் முடிந்து 6,500 விடுபடும். அப்போது மிச்சம் 16,000 ஆகும், தவணை போக 7,600 நிற்கும். அதில் 2,000 ரூபாயை வண்டிச் செலவுக்கென்று தனியாக வையுங்கள். எஃப்.டி. மூன்றரை மாதக் குடும்பச் செலவு. அதன் மேல் கை வைக்காதீர்கள்.

போனஸ் 25,000 ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, பூட்ஸுக்கு. வேறு சைலன்சர் மாட்டுவதற்கு அல்ல (நண்பர்கள் சொல்வார்கள், தெரியும்). கம்பெனியே தரும் பி.டி.ஓ. (பில்ட் டு ஆர்டர், நாம் கேட்டபடி பொருத்தித் தரும்) கிட்டுகளிலும் கவனமாக இருங்கள். ரேஸ் கிட் போட்டால் ஹேண்டில் இறங்கி ஃபுட்ரெஸ்ட் ஏறிவிடும். எந்த வசதிக்காக இந்த வண்டியை விரும்பினீர்களோ அதுவே போய்விடும்.

அப்பாவின் போர் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. தோட்டத்தில் தண்ணீர்ப் பிரச்சினை இப்போதே இருக்கிறது என்றால் அவர் பக்கம்தான் நான். இல்லை என்றால், இந்த 9 மாதத்துக்குள் ஒரு டெஸ்ட் ரைடு கேட்டு, காலியான ரோட்டில் அல்லாமல் மாலை 6 மணிக்கு காந்திபுரம் பக்கம் ஓட்டிப் பாருங்கள், இன்ஜின் சூடு காலில் எப்படி அடிக்கிறது என்று தெரியும். முடிந்தால் அப்பாவையும் கூட்டிப் போங்கள். அந்தச் சின்னப் பின் சீட்டில் ஏறியதும் அவர், "ஸ்பிளெண்டரை மட்டும் வித்துராத கண்ணு" என்பார்.