கம்ப்யூட்டர் சயின்ஸுக்காக நிலத்தை அடகு வைக்கலாமா?

அம்மா, நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாலும் கேள்வி ஒன்றுதான். பிளஸ் டூ முடித்த மகனுக்குக் கட்-ஆஃப் 140. தனியார் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறார்கள். விடுதியோடு ஆண்டுக்கு 2 லட்சம். அவனுடைய பெரியப்பா, "கடன் வாங்கியாவது சேர்த்துவிடு, இல்லையென்றால் நாளைக்கு யார் மதிப்பார்கள்" என்கிறார். இருக்கிற ஒன்றரை ஏக்கரை அடகு வைக்கலாமா?

பதறாதீர்கள், சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் பதில் இதுதான்: வைக்க வேண்டாம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்கு 8 லட்சம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்லும். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். 10 சதவீத தனிவட்டி என்று வைத்தால், தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 2 லட்சத்து 80 ஆயிரம் சேர்ந்திருக்கும். கடன் 10 லட்சத்து 80 ஆயிரமாக நிற்கும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 14,270 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 17 லட்சத்தைத் தாண்டும். முதல் வேலை கிடைக்க ஓராண்டு தள்ளிப்போனால் அந்தத் தவணையை நீங்கள்தான் கட்டியாக வேண்டும், கட்டத் தவறினால் போவது நிலம். பெரியப்பா நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது அவரில்லை.

உங்கள் மகன் ராத்திரி பகலாக உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவனாக இருந்தால் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பேன். உங்கள் கடிதம் முழுக்கத் தேடியும் அப்படி ஒரு வரி இல்லை. அதற்குப் பதிலாக, நீங்கள் குறை சொல்வதுபோல எழுதிய ஒரு வரி இருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புத் தகராறு வந்து சர்வேயர் அளக்க வந்தபோது, படிக்கச் சொன்ன பையன் நாள் முழுக்க அவர் பின்னாலேயே சுற்றினான் என்கிறீர்கள். பிறகு நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தை வாங்கிவைத்துக்கொண்டு, பட்டாவில் ஹெக்டேர்-ஏர் கணக்கில் உள்ள 0.60.5 என்ற எண் சரிதானா என்று நோட்டில் முக்கோணம் முக்கோணமாகப் போட்டுக் கூட்டிப் பார்த்தானாம். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர்; 60.5 ஏர் என்றால் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர், அவன் கணக்கு சரி. யாரும் சொல்லாமல் ஒரு பதினேழு வயதுப் பையன் இதைச் செய்கிறான் என்றால் அவன் எந்தப் பக்கம் போக வேண்டியவன் என்பது தெரிகிறது. நில அளவை.

வங்கித் தேர்வு, பாராமெடிக்கல், பி.காம் எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றைப் பேசப் போவதில்லை. தமிழ்நாட்டில் பெற்றோர் யாரும் கேட்காத இந்தப் படிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சாலை, பாலம், குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, உயரழுத்த மின்பாதை, சூரிய மின் பூங்கா என எதை எடுத்தாலும் முதலில் களத்தில் இறங்குவது சர்வேயர், கடைசியில் வெளியேறுவதும் சர்வேயர். திட்டம் வரைய நிலத்தின் மேடு பள்ளம் வேண்டும். நிலம் எடுக்க யாருடைய புலத்தில் எத்தனை ஏர் போகிறது என்று தெரிய வேண்டும். தோண்டும்போது எங்கே, எவ்வளவு ஆழம் என்று குறித்துத் தர வேண்டும். முடிந்த பிறகு ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்க, எத்தனை கன மீட்டர் மண் எடுத்தார் என்று அளந்து சொல்ல வேண்டும். 2019-இல் கிராம வீடுகளுக்குக் குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன், 2021-இல் நகரங்களின் குடிநீர், சாக்கடைக்கான இரண்டாம் கட்ட அம்ருத், கிராமக் குடியிருப்புகளை ட்ரோனால் அளக்கும் ஸ்வாமித்வா என்று அடுத்தடுத்து வந்த திட்டங்கள் எல்லாம் நில அளவை இல்லாமல் ஓர் அடி நகராதவை. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். சுரங்கம் தோண்டும் இயந்திரம் பாதை விலகாமல் போகிறதா என்று பார்ப்பதும், மேலே இருக்கும் கட்டடங்களில் குறி ஒட்டி அவை எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று கணக்கெடுப்பதும் இந்த வேலைதான்.

பெரியப்பா "சங்கிலி பிடிக்கிற வேலையா" என்று கேட்பார். கிண்டி பொறியியல் கல்லூரியே 1794-இல் நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது என்று அவரிடம் சொல்லுங்கள். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெரும் பணிக்கு 1802-இல் அடிப்படையான முதல் கோட்டை அளந்ததும் பரங்கிமலைப் பக்கத்தில்தான்.

இனி வழி. கிண்டியில் நில அளவையையும் கணினி வரைபடத்தையும் சேர்த்துப் படிக்கும் பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வேண்டிய கட்-ஆஃபைவிடக் குறைவில் கிடைக்கும் என்றாலும் 140-க்கு எட்டாது. அதை மனதில் மட்டும் வையுங்கள். உங்கள் மகனுக்கு உகந்தது அரசு பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ, நில அளவையும் அதில்தான் வரும். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், அதனால் இரண்டே ஆண்டில் முடியும். கட்டணம் சில ஆயிரங்களில் அடங்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பாலிடெக்னிக் இடம் கைநழுவினால் ஐ.டி.ஐ.யில் சர்வேயர் பிரிவோ, சிவில் டிராஃப்ட்ஸ்மேன் பிரிவோ இருக்கின்றன. இரண்டும் இரண்டாண்டுப் படிப்பு. எல்லா ஐ.டி.ஐ.யிலும் சர்வேயர் பிரிவு கிடையாது, விண்ணப்பிக்கும் முன் விசாரியுங்கள். டிப்ளமோ முடித்தபின் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வாசல் திறந்தே இருக்கும். அதற்குள் ஓரிரு ஆண்டு சம்பாதித்துவிட்டுப் போனால் அந்தச் செலவை அவனே பார்த்துக்கொள்ளலாம்.

படிப்பைவிட முக்கியம், படிக்கும்போது அவன் கை எதைப் பழகுகிறது என்பது. பெரும்பாலான மாணவர்கள் சறுக்குவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அவனிடமும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் ஆட்டோ லெவல், அதாவது இடத்துக்கு இடம் உயர வித்தியாசம் பார்க்கும் கருவி. மட்டம் தெரிந்த குறியின் உயரம் 42.350 மீட்டர் என்று வையுங்கள். அங்கே ஸ்டாஃபை, அதாவது அளவு குறித்த கோலை, நிறுத்திக் கருவி வழியாகப் பார்த்தால் 1.425. கூட்டினால் கருவியின் பார்வைக் கோடு 43.775. அடுத்த இடத்தில் ஸ்டாஃப் 1.910 காட்டினால் கழித்துவிடு: அந்த இடத்தின் உயரம் 41.865. இதில் இருப்பது கூட்டலும் கழித்தலும்தான், ஆனால் தப்பும் இதில்தான் நடக்கும். சாக்கடைக் குழாய் 250-க்கு 1 சரிவில் போகிறது, இரண்டு ஆள்நுழைக் குழிகளுக்கு இடையே 30 மீட்டர் என்றால் மொத்தச் சரிவே 12 சென்டிமீட்டர். வெயிலில் கண் கூசி 1.9-ஐ 1.8 என்று வாசித்தால் 10 சென்டிமீட்டர் போச்சு. குழாய் ஏறக்குறையப் படுத்துக்கொள்ளும். ஆறு மாதத்தில் கசடு தங்கி அடைக்கும், போட்ட சாலையை மறுபடி வெட்ட வேண்டும். ஸ்டாஃப் பிடிக்கிறவர் அதைச் சாய்த்துப் பிடித்தாலும் இதே கதிதான். அதனால்தான் கிளம்பிய குறிக்கே திரும்பி வந்து கணக்கை மூட வேண்டும், அப்போது தப்பு தானாக வெளியே வரும். உயரம் தெரிந்த குறியைப் பார்க்கும் பின்பார்வை தூரமும் அடுத்த இடத்தைப் பார்க்கும் முன்பார்வை தூரமும் சமமாக இருந்தால் கருவியின் கோணல் தன்னாலே அடிபட்டுப்போகும். கருவியை நம்பலாமா என்று பார்க்க, 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்து, நடுவில் நின்று ஒருமுறையும் ஒரு முளைக்கு அருகில் நின்று ஒருமுறையும் உயர வித்தியாசத்தை எடுக்க வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் சரி. இதைத் தானாகச் செய்கிற பையனை எந்த சைட்டிலும் இழக்க விரும்ப மாட்டார்கள்.

அடுத்தது டோட்டல் ஸ்டேஷன், கோணத்தையும் தூரத்தையும் சேர்த்தே அளக்கும் மின்னணுக் கருவி. "பத்து நாளில் டோட்டல் ஸ்டேஷன்" என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்களில் பொத்தான் அழுத்த மட்டுமே கற்றுத் தருகிறார்கள். எதிர்முனையில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ப்ரிசத்தை மாற்றினால், அதற்குரிய திருத்த எண்ணான கான்ஸ்டன்டையும் மாற்ற வேண்டும் என்று தெரியாதவர், அளக்கும் ஒவ்வொரு தூரத்திலும் 30 மில்லிமீட்டர் போலப் பிசகைச் சுமந்துகொண்டே போவார். பாலத்தின் தூண் அடித்தளத்தில் அது பெரிய தப்பு. மூடிய டிராவர்ஸில், அதாவது புள்ளி புள்ளியாக அளந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பும் சுற்றில், உட்கோணங்களைக் கூட்டிச் சரிபார்ப்பது, பிசகைப் பங்கிட்டுத் திருத்துவது, இவற்றைப் பேனா பிடித்துக் காகிதத்தில் ஒருமுறையாவது செய்ய வேண்டும்.

மூன்றாவது ஜி.என்.எஸ்.எஸ்., அதாவது செயற்கைக்கோள் வழியாக இடத்தைக் கணக்கிடும் கருவி. இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. செயற்கைக்கோள் கருவி நேரடியாகக் கணக்கிடும் உயரம் கடல்மட்ட உயரம் அல்ல, நம் பக்கத்தில் இரண்டுக்கும் 80 மீட்டருக்கு மேல் வித்தியாசம். திருத்தம் போடாத கருவியோடு மெரினா மணலில் நின்றால் கடல்மட்டத்துக்கு அவ்வளவு கீழே நிற்பதாகக் காட்டும். இன்னொன்று, 78 பாகை தீர்க்கரேகை தமிழ்நாட்டின் குறுக்கே போகிறது. உலகைத் தீர்க்கரேகைப்படி மண்டலங்களாகப் பிரிக்கும் யு.டி.எம். முறையில் கோயம்புத்தூர் 43-ஆம் மண்டலம், திருச்சியும் சென்னையும் 44. மண்டலத்தைத் தவறாகக் கொடுத்தால் வரைபடம் முழுவதும் வேறெங்கோ போய் விழும். இந்தப் பாடத்தை வீட்டிலேயே கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் பழகலாம். அது இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும்.

"ட்ரோன் வந்துவிட்டதே, சர்வேயர் எதற்கு" என்று யாராவது கேட்டால்: ட்ரோன் படத்துக்குத் தரையில் அளந்து வைத்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வேண்டும், அவற்றை அளப்பது சர்வேயர். அடர்ந்த மரத்தின் கீழே இருக்கும் வரப்பு படத்தில் தெரியாது. தூணுக்கு இடம் குறிக்க ட்ரோனால் முளை அடிக்க முடியாது. ட்ரோன் ஓட்டும் சான்றிதழ் பிறகு வாங்கிக்கொள்ளலாம், இப்போது அதில் பணம் போட வேண்டாம்.

வேலை. டி.என்.பி.எஸ்.சி. நில அளவர், வரைவாளர் பணிக்கு ஆள் எடுக்கிறது. 2022 அறிவிப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் வந்தன. சிவில் டிப்ளமோவோ உரிய ஐ.டி.ஐ. சான்றிதழோ போதும். அடிப்படைச் சம்பளம் 19,500-இல் தொடங்கும், அகவிலைப்படி தனி. தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள், அதை இளக்காரமாக நினைக்கக் கூடாது. ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று காத்து வீட்டில் உட்காரும் பிள்ளைகள் மூன்று நான்கு ஆண்டை இழக்கிறார்கள். இது மட்டும் நடக்கக் கூடாது. டிப்ளமோ முடித்த கையோடு தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் மூலம் ஓராண்டுப் பயிற்சிக்குப் பதிய வேண்டும். பிறகு கட்டுமான நிறுவனத்தில் உதவி சர்வேயர் வேலை. தேர்வுக்கு வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. முதல் இரண்டு ஆண்டு சம்பளம் பெரிதாக இருக்காது. வெயிலில் நிற்க வேண்டும், சைட்டுக்கு சைட் ஊர் மாற வேண்டும். சிறிய துணை ஒப்பந்தக்காரர்களிடம் சம்பளம் தள்ளிப்போகும். நியமனக் கடிதமும் பி.எஃப். எண்ணும் தராத இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் நிற்க வேண்டாம். வேலை தொடங்கும் முன் இருந்த இயற்கைத் தரைமட்டத்தைப் பதிந்து இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி இல்லையென்றால், பில் தகராறு வரும்போது பழி சர்வேயர் தலையில் விழும். அந்தப் பிரதியைக் கையில் வைத்திருக்க முதல் நாளிலிருந்தே பழக வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: உங்கள் மாவட்டத்து அரசு பாலிடெக்னிக்குக்கு மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். சர்வே ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். டோட்டல் ஸ்டேஷன் ஓடுகிறதா, மாணவர் ஒவ்வொருவருக்கும் கையில் கொடுக்கிறார்களா, ஆண்டில் எத்தனை நாள் சர்வே முகாம் நடத்துகிறார்கள் என்று அவனே கேட்கட்டும். கருவி பெட்டிக்குள்ளேயே பூட்டிக் கிடந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள். இரண்டாம் ஆண்டு நேரடிச் சேர்க்கைக்கு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை எடுத்து வையுங்கள். திரும்பி வரும்போது பையனிடம் ஒரு கேள்வி கேளுங்கள், "பிடித்திருக்கிறதா?" என்று. பதிலை அவன் சொல்லட்டும், பெரியப்பாவுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளலாம். தனியார் கல்லூரிக்காரர்கள் "இடம் போய்விடும், முன்பணம் கட்டுங்கள்" என்று போன் செய்வார்கள். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.