கேட்காமல் போன மாத்திரை

கேள்வி: எனக்கு 34 வயது. மதுரைப் பக்கம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். இந்த வருடம் நாலாவது தடவையாகச் சலம் போகும்போது எரியுது, அடிவயிறு கடுக்குது. மெடிக்கலில் வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை முன்பெல்லாம் இரண்டு நாளில் கேட்கும். இந்தமுறை கேட்கவில்லை. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா? கழிப்பறை தூரம், வழியில் விளக்கும் இல்லை என்பதால் பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிக்கமாட்டேன்.

பதில்: பழகியது உங்கள் உடம்பல்ல, கிருமி. நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. மாத்திரை போடும்போதெல்லாம் மருந்துக்கு மடியும் கிருமிகள் குடலிலும் மடிகின்றன; மடியாதவை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அடுத்த தொற்று அவற்றிடமிருந்து வருகிறது. தொட்டதற்கெல்லாம் இந்த மாத்திரையை விழுங்கி, இந்தியாவில் அதன் வீரியத்தை நாமே தேய்த்துவிட்டோம். மெடிக்கலில் இதைவிட 'பவரான' ஒன்றைக் கேட்காதீர்கள்.

அரசு மருத்துவமனையில் சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை, அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, கேளுங்கள். அடுத்த மாத்திரை உள்ளே போகும் முன்பே சிறுநீர் கொடுத்துவிட வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை அவர்கள் தரும் டப்பாவில் பிடியுங்கள். எந்த மருந்து கேட்கும் என்பது இரண்டு மூன்று நாளில் தெரியும். அதுவரை தாங்க முடியாவிட்டால் மருத்துவர் நைட்ரோஃபுரான்டாயின் தரக்கூடும். பழைய மருந்துதான், இன்னும் பலருக்குக் கேட்கிறது. கர்ப்பமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். நாலு தடவை வந்திருப்பதால் சர்க்கரையும் பார்க்க வேண்டும். குளிர்காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி என்றால் அன்றைக்கே போங்கள்.

கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்னீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. சிறுநீர் வெளியேறும்போது கிருமியும் அடித்துக்கொண்டு போகும். தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ, வந்ததை அடக்கினாலோ தங்கிப் பெருகும். அடிக்கடி இத்தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடித்த பெண்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பகலில் நிறையக் குடியுங்கள். இரவுக்கு மூடியுள்ள வாளி ஒன்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களிடம் 'சுத்தமாக இரும்மா' என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர்கள் ஒருநாள் இரவு அந்த வழியில் நடந்து பார்க்கட்டும்.

கல்ச்சர் ரிப்போர்ட்டைக் குடும்ப அட்டையோடு பத்திரப்படுத்துங்கள். அடுத்தமுறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் உதவும். கழிப்பறை வழிக்கு விளக்குக் கேட்டு ஆட்சியரிடம் மனுக் கொடுக்கும்போது ரிப்போர்ட்டின் நகல் ஒன்றையும் இணையுங்கள்.