குடலில் பயின்ற கலங்கள் ஈரலுக்கு வருவது ஏன்? – கேள்வி பதில்

கல்முனை, உயர்தர உயிரியல் மாணவி: சேர், குடலிலிருந்து நிர்ப்பீடனக் கலங்கள் எந்த வழியாக ஈரலை அடைகின்றன?

மகள், ஈரலுக்கு வரும் குருதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஈரல் வாயினாளத்தினூடாகக் குடற்பக்கமிருந்தே வருகின்றது. குடற்சுவரைத் தாண்டிவிட்ட பற்றீரியாக்களையும் அவற்றின் துணுக்குகளையும் முதலில் பிடிப்பவை ஈரலில் நிலையாகத் தங்கியிருக்கும் குப்பர் கலங்களே. ஆனால், குடலில் பயின்ற (அதாவது, அங்கே கிருமிகளை அடையாளங்காணத் தூண்டப்பட்ட) ரீ நிணநீர்க்கலங்கள் என்னும் நிர்ப்பீடனக் கலங்களுள் பெரும்பாலானவை நிணநீர் வழியாக வெளியேறி, நெஞ்சறைக் கானினூடாகப் பொதுக் குருதிச் சுற்றோட்டத்தில் கலந்த பின்னரே ஓர் உறுப்பைத் தேடிச் செல்கின்றன. பரீட்சையில் இவ்விரு வழிகளையும் பிரித்து எழுதுங்கள்.

காத்தான்குடி வாசகர்: உடலெங்கும் சுற்றும் ஒரு கலம் தான் இறங்கவேண்டிய இடத்தை எவ்வாறு அறிகின்றது?

குடலை அண்டிய நிணநீர்க்கணுக்களில் உள்ள, ரீ கலங்களைத் தூண்டும் கிளைக்கலங்கள் விற்றமின் ஏ-யிலிருந்து ரெற்றினோயிக் அமிலத்தை ஆக்குகின்றன. அந்த அமிலத்தின் முன்னிலையில் தூண்டப்படும் ரீ கலம் அல்பா 4 பீற்றா 7 என்னும் ஒட்டுப்புரதத்தையும் சி.சி.ஆர். 9 என்னும் வாங்கியையும் (சைகையை உணரும் புரதம்) தன் மேற்பரப்பில் பெறுகின்றது. இவை கடிதத்தின் மேல் எழுதிய முகவரி போன்றவை. முன்னதுடன் பொருந்தும் மெட்காம் 1 என்னும் புரதம் குடலின் குருதிக்குழாய்ச் சுவரிலும், பின்னதை ஈர்க்கும் சி.சி.எல். 25 என்னும் சைகைப் புரதம் சிறுகுடலிலும் இயல்பாகக் காணப்படுகின்றன. ஆயினும் சில ஈரல் நோய்களில் இவ்விரண்டும் ஈரலிலும் தோன்றிவிடுவதால், குடலுக்கென்று பயின்ற கலங்கள் அங்கேயும் இறங்கிவிடுகின்றன. இத்துறையில் என்னை மிகவும் ஈர்த்த கண்டுபிடிப்பு இதுவே.

களுவாஞ்சிகுடி வாசகி: என் தம்பிக்குப் பல வருடங்களாகப் பெருங்குடல் அழற்சி. இப்போது பித்தக்கான்கள் தடித்துச் சுருங்கும் நோயும் உண்டு என்கிறார்கள். பெருங்குடலை அகற்றினால் ஈரல் தப்புமா?

அக்கா, அந்த நம்பிக்கையில் சத்திரசிகிச்சைக்கு இணங்க வேண்டாம். இப்பித்தக்கான் நோயுள்ளவர்களுள் பெரும்பாலானோருக்குக் குடல் அழற்சியும் உண்டு. ஆனால் பெருங்குடலை அகற்றிப் பல ஆண்டுகள் கழித்தும் இந்நோய் சிலருக்குப் புதிதாகத் தோன்றியிருக்கிறது. குடலில் முன்னரே பயின்ற, நீண்டகாலம் வாழும் நினைவுக் கலங்கள் பின்னாளில் ஈரலுக்குள் புகுவதே காரணமாகலாம் என்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே தோன்றுகிறது. எனினும் பித்த அமிலங்களுக்கும் பரம்பரைக்கும் இந்நோயில் பங்குண்டு. குடலுக்காகவே சத்திரசிகிச்சை தேவைப்படின் அது வேறு விடயம்.

இப்போது முக்கியமானது கண்காணிப்பு. இவ்விரு நோய்களும் ஒருங்கே உள்ளவருக்குப் பெருங்குடற் புற்றுநோயின் அபாயம் கூடுதலாகையால், தம்பிக்கு வயிற்றோட்டம் அடங்கியிருந்தாலும் கொலனோஸ்கொப்பிப் பரிசோதனையை (பெருங்குடலின் உட்புறத்தைக் குழாய்க் கமராவால் பார்ப்பது) வழமையாக வருடந்தோறும் செய்யவேண்டும். ஈரல் கிளினிக்குக்கும் குடல் கிளினிக்குக்கும் வெவ்வேறு கொப்பிகள் இருப்பின், இரண்டையும் இரு இடங்களுக்கும் கொண்டுசெல்லச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: கலங்கள் இறங்குவதை மருந்தால் தடுக்க இயலாதா?

இயலும். அல்பா 4 பீற்றா 7-ஐ மறிக்கும் வெடோலிசுமாப் 2014 முதல் குடல் அழற்சிக்குப் பயன்படுகிறது. பித்தக்கான் நோயில் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஈரலினுள் நுழையக் கலங்களுக்கு வேறு ஒட்டுப்புரதங்களும் உதவுகின்றன.

வாழைச்சேனை வாசகி: அப்படியானால் விற்றமின் ஏ மாத்திரை எடுப்பது நல்லதா, கூடாதா?

விற்றமின் ஏ குறைந்த எலிகளின் குடற்சுவரில் ரீ கலங்கள் குறைந்தமை உண்மையே. ஆனால் நம் உடலிலுள்ள விற்றமின் ஏ-யின் பெரும்பகுதி ஈரலிலேயே சேமிக்கப்படுவதால், மிகையான மாத்திரைகள் அந்த ஈரலையே பழுதாக்கும். முருங்கையிலையிலுள்ள பீற்றா கரோற்றினை உடல் தன் தேவைக்கேற்பவே விற்றமினாக மாற்றுகிறது. ஆகவே முருங்கையிலைச் சுண்டலைத் தயங்காமல் உண்ணுங்கள், மாத்திரையை வைத்தியர் சொன்னால் மட்டும் எடுங்கள்.