500 மைக்ரான் குழாயில் சுவர் வெப்பம் எகிறுவது பற்றி

தங்கச்சி, 500 மைக்ரான் விட்டக் குழாயில் நீர் கொதிப்பதைக் கணினியில் உருவகப்படுத்துறப்போ, 0.25 மீ/வி நீரோட்டம், 10 மைக்ரான் கட்டம் (கணக்குக்காக இடத்தைப் பிரிக்கும் சிறு துண்டு), ஆவிக்குமிழி நீண்டதும் சுவர் வெப்பம் எகிறுது என்றீங்க. கோளாறு கட்டத்தில்தான். 100 டிகிரி நீருக்குக் கேப்பிலரி எண் (பாகுவிசைக்கும் பரப்பு இழுவிசைக்கும் உள்ள விகிதம்) சுமார் 0.0012, அதனால் குமிழிக்கும் சுவருக்கும் நடுவே நீர்ப்படலம் 3.6 மைக்ரான்தான் இருக்கும். உங்க ஒரு கட்டமே அதை விழுங்கிடுது, சுவர் பொய்யாகக் காய்ந்துபோகுது. படலத்துக்குள் 5 கட்டமாவது வேணும்: சுவரோரம் 0.7 மைக்ரான், மையம் நோக்கிப் படிப்படியாகப் பெரிசு. கணக்கு ஒவ்வொரு முறை முன்னேறும் நேர இடைவெளி சுமார் 2×10⁻⁸ வினாடிக்குள் இருக்கணும், இல்லாட்டி பரப்பு இழுவிசை போலிச் சுழல்களைக் கிளப்பும்.

முப்பரிமாணம் மடிக்கணினிக்குத் தாங்காது, அச்சுச்சமச்சீர் (குழாயின் அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கிற இருபரிமாணக் கணக்கு) போதும். நீர் ஆவியாகும் வேகத்தைக் கணக்கிட லீ (Lee) என்பவரின் மாதிரியைப் பயன்படுத்தினால், நீரும் ஆவியும் சந்திக்கும் இடைமுகம் 100 டிகிரியை ஒட்டி நிற்கும்வரை அதிலுள்ள ஆவியாதல் குணகத்தை ஏத்துங்க. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சாயங்கால இடிமழைக்குக் கரண்டு போகும். அதனால் கணக்கை இடையிடையே சேமிக்க விடுங்க.