பாலே பாவாடையும் கேஸ் விளக்கும்

கேள்வி: பாரிஸ் ஓப்பராவில் ஆடிய எம்மா லிவ்ரி, தீப்பிடிக்காத உடை கொடுத்தும் மறுத்துவிட்டு 1862இல் மேடையிலேயே எரிந்தாராமே! தட்டு மாதிரி விறைத்து நிற்கும் அந்தக் குட்டைப் பாவாடை மேல் அப்படி என்ன மோகம்? அழகுப் பைத்தியம் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது?
- வாசகி, ஈரோடு

பதில்: தட்டுப் பாவாடையை முதலில் ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம். லிவ்ரி அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. டுட்டு என்றால் பாலே பாவாடை. அதில் இடுப்பிலிருந்து கிடைமட்டமாக நீளும் வகை இருபதாம் நூற்றாண்டின் சரக்கு. பத்துப் பன்னிரண்டு அடுக்கு வலைத்துணியைக் குட்டை நிக்கர் ஒன்றின் மேல் தைத்து, நடு அடுக்கில் எஃகுக் கம்பி வளையம் கோத்து, அடுக்குகள் கலையாமல் இடையிடையே தொளதொளவென்று நூல் முடிச்சுப் போட்டால்தான் அது அப்படி நிற்கும். லிவ்ரி காலத்துப் பாவாடை மணி வடிவம். கெண்டைக்கால் வரை இறங்கும். கம்பியும் கிடையாது, வளையமும் கிடையாது. அதை நிற்க வைத்தது கஞ்சி மட்டும்தான்.

அந்த வடிவம் நிலைபெற்றது 1832 மார்ச் 12 அன்று, பாரிஸ் ஓப்பராவில் 'லா சில்ஃபீட்' பாலே அரங்கேறியபோது. ஆடியவர் மரீ தாலியோனி, நடனம் அமைத்தவர் அவருடைய அப்பா ஃபிலிப்போ. உடை வடிவமைப்பு ஓவியர் யூஜீன் லாமி பெயரில் வழங்குகிறது. தோள் இறங்கிய கழுத்து, ஒட்டத் தைத்த மேல்சட்டை, மணிப் பாவாடை எல்லாம் அன்றைய பாரிஸ் சீமாட்டிகளின் நடன விருந்து உடையிலிருந்து எடுத்தவைதான். வித்தியாசம் இரண்டு. நீளத்தைக் கணுக்காலுக்கு மேலே வெட்டினார்கள். பட்டுக்குப் பதில் டார்லட்டன் போட்டார்கள்.

டார்லட்டன் என்பது இடைவெளி விட்டு நெய்த மெல்லிய பருத்தித் துணி. நம் கொசுவலைக்குக் கெட்டிக் கஞ்சி போட்டது போல இருக்கும். எடையே தெரியாது. நாலைந்து அடுக்கு போட்டாலும் வெளிச்சம் ஊடுருவும். இதோடு, ஜான் ஹீத்கோட் 1809இல் காப்புரிமை பெற்ற எந்திரத்தின் புண்ணியத்தில் அறுகோணக் கண் வலையும் மலிவாகக் கிடைத்தது. கையால் பின்னிய வலையை அடுக்கடுக்காகப் போட எந்த நாடக நிர்வாகத்துக்கும் கட்டுப்படியாகியிருக்காது.

ஏன் வெள்ளை? இங்கேதான் விளக்கு வருகிறது. பாரிஸ் ஓப்பராவுக்கு கேஸ் விளக்கு 1822இல் வந்தது. எண்ணெய் விளக்கில் முடியாத காரியம் அதில் முடிந்தது. குழாயைத் திருகினால் மேடை முழுவதையும் ஒரே சீராக மங்க வைக்கலாம், மறுபடி ஏற்றலாம். 1831இல் 'ராபர்ட் லெ தியாப்ல்' ஓப்பராவில், கல்லறையிலிருந்து எழும் கன்னியாஸ்திரீகள் ஆடும் காட்சியில் அந்த நிலவொளியைப் பார்த்துப் பாரிஸே வாய்பிளந்தது. நிலவொளியில் எடுபடுவது வெள்ளை டார்லட்டன். அதாவது டுட்டு என்பது துணி பாதி, கேஸ் வெளிச்சம் பாதி. எது அழகைக் கொடுத்ததோ அதுதான் கொள்ளியும் வைத்தது.

பருத்தி எரியும் என்பது ஈரோட்டுக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதே பருத்தியைக் கெட்டித் துணியாக நெய்தால் தீ மெல்லப் பரவும், பிடித்த இடத்தை அடித்து அணைக்க நேரம் கிடைக்கும். வலையாக நெய்தால் ஒவ்வொரு நூலுக்கும் நாலு பக்கமும் காற்று. அடுக்குகளுக்கு நடுவே வேறு காற்று. கீழ் விளிம்பில் பிடித்த தீ புகைபோக்கியில் ஏறுவது போல இடுப்புக்கு ஏறிவிடும். பயந்து ஓடினால் இன்னும் காற்று. திரைக்குப் பக்கவாட்டில் கேஸ் சுடர்கள் வரிசையாக எரியும். நெருக்கமான பக்கத்திரைகளுக்கு நடுவே அகன்ற பாவாடையோடு தினமும் போய்வர வேண்டும். லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் 1844 டிசம்பர் 14 அன்று கிளாரா வெப்ஸ்டரின் உடை மேடை விளக்கில் பற்றியது. மூன்றாம் நாள் இறந்துபோனார்.

இனி, லிவ்ரி வேண்டாம் என்ற அந்த 'தீப்பிடிக்காத உடை'. அது தனி உடையல்ல. அதே பாவாடையைப் படிகாரம், போராக்ஸ் (வெங்காரம்) மாதிரியான உப்புக் கரைசலில் முக்கிக் காய வைத்தது. 1821லேயே வேதியியலாளர் கே-லுசாக், அம்மோனியம் பாஸ்பேட், அம்மோனியம் குளோரைடு, போராக்ஸ் ஆகியவற்றால் துணியில் சுடர் எழாமல் செய்யலாம் என்று காட்டிவிட்டார். பாஸ்பேட் சூட்டில் பிரிந்து அமிலமாகும். அது பருத்தியைக் கொழுந்துவிட விடாமல் கரியாக்கிவிடும். தத்துவம் சரி, உடுத்தினால்தான் வம்பு.

போராக்ஸ் வகை உப்பு என்றால் 100 கிராம் துணிக்கு ஏறக்குறைய 10 கிராமாவது தங்க வேண்டும். அப்போதுதான் பலன். அந்த எடையில் டார்லட்டன் மிதக்காது, தொங்கும். வெள்ளை மங்கும். உப்பு ஈரத்தை இழுப்பதால் கஞ்சியின் விறைப்பு போய்விடும். உலர்ந்தால் துணி மொடமொடவென்று ஆகித் தூள் உதிரும். ஒருமுறை அலசினால் உப்பெல்லாம் தண்ணீரோடு போய்விடும், மறுபடி முக்க வேண்டும். அம்மோனியம் உப்பு போட்ட துணியில் இஸ்திரி வைத்தால் சூட்டிலேயே உப்பு கெடும். படிகாரத்தின் அமிலம் நாளடைவில் நூலையே அரிக்கும். லண்டனில் வெர்ஸ்மன், ஓப்பன்ஹைம் என்ற வேதியியலாளர்கள் இருவரும் இதை ஆராய்ந்து, இஸ்திரி போடும் துணிக்குச் சோடியம் டங்ஸ்டேட் என்ற உப்புதான் பொருந்தும் என்று 1859 வாக்கிலேயே சொன்னார்கள். பாரிஸ் ஓப்பரா பிடித்துக்கொண்டது கார்ட்டரோன் என்பவரின் முறையை. துணியை விறைக்க வைத்து நிறத்தையும் கெடுத்தது என்பதுதான் அது எடுத்த பெயர்.

இதை லிவ்ரி மறுத்தார் என்பது உண்மை. முதல் நாள் ஆட்டங்களில் வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன், என்ன நேர்ந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று 1860இல் இயக்குநருக்கு எழுதியே கொடுத்தார். உங்கள் கட்சிக்கு வலு சேர்க்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தீக்காயத்தோடு படுத்திருந்தபோதும், மறுபடி மேடை ஏறினால் அந்த உடையைப் போட மாட்டேன், அவ்வளவு அசிங்கம் என்றுதான் சொன்னாராம்.

ஆனால் 1859 நவம்பரிலேயே அரசாணை வந்துவிட்டது. மேடை உடை, திரை எல்லாவற்றையும் தீத்தடுப்பு செய்தே தீர வேண்டும். சட்டம் அப்படி இருக்க, இருபது வயதுகூட ஆகாத பெண் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்ட நிர்வாகத்தை நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லையே? பாவாடை மிதக்க வேண்டும் என்று டிக்கெட் விற்றவர்கள் அவர்கள். தொங்கும் பாவாடையோடு 'சில்ஃப்' என்ற காற்றுத் தேவதையாக ஆடினால் பெயர் கெடுவது ஆடுபவளுக்கு. சுடர் எரியும் இடத்தை நகர்த்தவோ மூடவோ அவளுக்கு அதிகாரம் இல்லை. அவள் கையில் இருந்தது பாவாடை ஒன்றுதான், அதைப் பற்றித்தான் அவளால் பேச முடிந்தது.

1862 நவம்பர் 15, 'லா முயெத் தெ போர்தீசி' ஓப்பராவின் ஒத்திகை. உட்காரும்போது கசங்கக் கூடாதே என்று பாவாடையைத் தூக்கி உதறியிருக்கிறார். எல்லா நடனக்காரிகளும் செய்வதுதான். அந்த விசிறலில் கேஸ் சுடர் துணிக்குத் தாவியது. மேடையில் அங்குமிங்கும் ஓடினார். தீயணைப்பாளர் ஒருவர் ஈரப் போர்வையால் மூடிப் பிடிக்கும்போது நேரம் கடந்திருந்தது. எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலை 26இல் இறந்தார், இருபது வயதில். கருகிய துணித் துண்டுகள் ஓப்பராவின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பாவாடை குட்டையானது இதற்குப் பிறகு, வேறு காரணத்துக்காக. தாலியோனி ஆடியது மெத்தென்ற சாட்டின் செருப்பில். விரல் நுனியிலும் ஓரத்திலும் ஊசித் தையல் ஓட்டியிருப்பார்கள், அவ்வளவுதான் பிடிமானம். பின்னாளில் இத்தாலியக்காரர்கள் துணி அடுக்குகளைப் பசையால் ஒட்டி நுனியைக் கெட்டியாக்கினார்கள். நுனியில் நின்று பலமுறை சுழல முடிந்தது. சுழலும் முழங்கால் தெரியாவிட்டால் பார்ப்பவனுக்கு என்ன புரியும்? 1885இல் ரஷ்யா போன இத்தாலிய நடனக்காரி விர்ஜீனியா சுக்கி, பாட்டி காலத்து நீளம் வேண்டாம் என்று பாவாடையை வெட்டச் சொன்னார். 1895 'ஸ்வான் லேக்'கில் 32 ஃபுவெத்தே (ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை வீசிச் சுழல்வது) போட்ட பியரீனா லென்யானியின் டுட்டுகூட முழங்காலை ஒட்டிச் சரிந்து இறங்குவதுதான், தட்டு அல்ல.

அதற்குள் மின்விளக்கு வந்திருந்தது. லண்டன் சவாய் அரங்கம் 1881இல் முழுக்க மின்விளக்குக்கு மாறியது. பாரிஸுக்கு அந்தப் புத்தி வர, 1887 மே மாதம் ஓப்பரா-கொமீக் அரங்கமே எரிந்து, பார்க்க வந்தவர்களும் சேர்ந்து சாக வேண்டியிருந்தது.