தையல் லைனில் டேமேஜ் எங்கே பிறக்கிறது: கேள்வி பதில்

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் தரப் பிரிவில் 23 வருடம் வேலை பார்த்தவன் நான். வேஸ்டையும் டேமேஜையும் குறைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். கட்டிங், தையல், செக்கிங் வரைதான் என் எல்லை. சாயம், பிரிண்டிங் பற்றிக் கேட்டால் சீக்கிரம் நிறுத்திக்கொள்வேன். எதைக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கப்போவது ஒன்றுதான்: எண்ணிப் பார்த்தீர்களா?

பெருமாநல்லூர், 40 மெஷின் யூனிட் நடத்துபவர்: செக்கிங்கில் 8 பேர் இருக்கிறார்கள். அப்படியும் பையர் இன்ஸ்பெக்‌ஷனில் ஃபெயில் ஆகிறது. இன்னும் 4 பேரைப் போடட்டுமா அண்ணா?

போடாதீர்கள். செக்கிங் டேபிளில் தரம் உண்டாவதில்லை. ஏற்கெனவே பிறந்துவிட்ட டேமேஜை அங்கே பொறுக்குகிறோம். சாயங்காலம் 4 மணிக்கு மேல் கண் களைத்துப்போய், கையில் எடுத்த பீஸே தெரியாமல் தள்ளிவிடுவார்கள். 12 பேரானாலும் அப்படித்தான்.

ஒரு ரவுண்ட் நெக் டீ-ஷர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தோள் ஜாயின்ட், நெக் ரிப், பின்கழுத்து டேப், கை மடிப்பு, கை ஏற்றுவது, சைடு, பாட்டம், லேபிள் என்று எப்படியும் 10 ஆபரேஷன் வரும். ஒவ்வொன்றும் 100க்கு 98 சரியாக வருகிறது என்றால் நல்ல லைன் என்றுதான் சொல்வோம். ஆனால் 10 இடத்திலும் தப்பாமல் வெளியே வருவது 100க்கு 82 பீஸ்தான். 0.98ஐ 10 முறை பெருக்கிப் பாருங்கள். 1000 பீஸ் ஆர்டரில் 180 பீஸ் ஆல்ட்ரேஷனுக்குத் திரும்புகிறது. கடைசியில் ஆள் கூட்டுவதால் இந்த 180 குறையாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. உங்கள் லைனில் மெஷினுக்கு மெஷின் பண்டல் குவிந்து கிடக்கும். மொத்தம் 1800 பீஸ் நடுவில் நிற்கிறது, ஒரு நாள் அவுட்புட் 600 என்று வைத்துக்கொள்வோம். முதல் மெஷினில் நுழைந்த பீஸ் கடைசி டேபிளுக்கு வர 3 நாள். தோள் ஜாயின்டில் இன்று காலை நூல் டென்ஷன் லூசானால் செக்கிங்கில் தெரிவது 3 நாள் கழித்து. அதற்குள் 1800 பீஸ் அதே தப்போடு தைத்து முடிந்திருக்கும். நடுவில் நிற்பதை 600 ஆகக் குறைத்தால் மறுநாளே தெரிந்துவிடும். பண்டலைச் சின்னதாக்குங்கள். அந்த 8 பேரில் 2 பேரை லைனுக்குள் நடக்க விடுங்கள். ஒவ்வொரு மெஷினிலும் 7 பீஸ் எடுத்துப் பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை தொங்கவிடட்டும். சிவப்பு என்றால் அந்த மெஷின் நிற்க வேண்டும், காரணம் தெரிந்த பிறகே ஓட வேண்டும்.

அதற்கும் முன்னால் 3 நாள், எந்த ஆபரேஷனில் எத்தனை டேமேஜ் என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். பாதிக்கு மேல் இரண்டு மூன்று இடத்திலிருந்துதான் வரும்.

பின்னலாடை டிப்ளமோ மாணவர்: லீன் என்கிற வேஸ்ட் குறைக்கும் முறையெல்லாம் கார் கம்பெனிக்காக வந்தது. துணிக்குப் பொருந்துமா சார்?

தம்பி, அது துணியிலிருந்து காருக்குப் போனது. சகிச்சி டொயோடா தறி செய்தவர். 1924ல் அவர் கொண்டுவந்த ஜி வகைத் தானியங்கித் தறியில், நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். அப்படி நிற்காத தறி அறுந்த நூலோடு ஓடிக்கொண்டே இருக்கும், ஆள் பார்க்கும்வரை ஓடிய துணி அத்தனையும் கழிவு. 1929ல் அந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் வாங்கியது. மகன் கீய்ச்சிரோ கார் முயற்சியைத் தொடங்க அந்தப் பணம் கைகொடுத்தது என்று சொல்வார்கள். பின்னால் அந்தக் கார் கம்பெனியில் டைச்சி ஓனோ கட்டிய டொயோட்டா முறையிலிருந்துதான் லீன் வந்தது. அந்த முறைக்கு இரண்டு தூண்கள் என்பார்கள். அதில் ஒன்று இந்த நிற்கும் தறி.

உங்கள் ஊர் நிட்டிங் மெஷினைப் போய்ப் பாருங்கள். நூல் அறுந்தால் லைட் எரிந்து மெஷின் நிற்கிறது அல்லவா? அதே யோசனைதான். அந்த லைட் அடிக்கடி எரிந்து புரொடக்‌ஷன் போகிறது என்று ஸ்டாப்பரை வயர் போட்டுக் கட்டி வைத்திருந்த இடங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே துணியில் ஓட்டை விழுந்தால் யாரும் ஆச்சரியப்படக்கூடாது.

மெர்ச்சண்டைசர்: ஏக்யூஎல் 2.5 என்றால் 100க்கு இரண்டரை டேமேஜ் அனுப்பலாம் என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஏக்யூஎல் என்பது சாம்பிள் எடுத்துப் பார்த்து லாட்டை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அளவு. 3201 முதல் 10,000 பீஸ் வரையான லாட்டில், சாதாரண லெவல் 2ல், 200 பீஸ் எடுப்பார்கள். மேஜர் டேமேஜ் 10 வரை பாஸ், 11 என்றால் ஃபெயில். உண்மையிலேயே 100க்கு 5 கெட்டுக் கிடக்கும் லாட்கூடப் பாதிக்கு மேல் வாய்ப்போடு பாஸாகிவிடும். அதனால் பாஸ் சீட்டைக் காட்டி லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

ஐடி வேலையில் இருப்பவர்: சிக்ஸ் சிக்மா கிரீன் பெல்ட் படிக்கலாமா? எந்த நிறுவனத்தில்?

சிக்ஸ் சிக்மா என்பது தப்பைக் கணக்குப் போட்டுக் குறைக்க 1986ல் மோட்டோரோலாவில் பில் ஸ்மித் தொடங்கிய முறை. பெல்ட் என்பது அதில் பயிற்சியின் படிநிலை. 10 லட்சம் வாய்ப்பில் 3.4 தப்புக்கு மேல் போகக்கூடாது என்பது இலக்கு. உள்ளே இருக்கும் கணக்கு நல்ல கணக்கு, படியுங்கள். எந்த நிறுவனம் என்று நான் சொல்வதில்லை.

தையல் யூனிட் சூப்பர்வைசர், அவிநாசி: சிங்கிள் ஜெர்ஸியில் தையல் ஓரமாகச் சின்னச் சின்ன ஓட்டை. தைக்கும்போது தெரியவில்லை, வாஷுக்குப் பிறகு தெரிகிறது. டெய்லர்தான் காரணம் என்கிறார்கள்.

டெய்லரை விடுங்கள் அம்மா. இது ஊசி லூப்பை அறுக்கும் பிரச்சினை. பின்னல் துணியில் ஊசி நூலைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்குத்தான் முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி. முதலில் அந்த மெஷின் ஊசியைக் கழற்றி நகத்தின் மேல் மெதுவாக இழுங்கள். கீறினால் முனை போய்விட்டது. அடுத்து நம்பர். மெல்லிய துணிக்கு 14 போட்டிருந்தால் 9 அல்லது 11க்கு இறங்குங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் ஓட்டை வந்தால் துணியைப் பாருங்கள். நூல் கோக்காமல் வெறும் ஊசியால் ஒரு அடி நீளம் ஓட்டி, துணியை இரண்டு பக்கமும் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளை எண்ணுங்கள். புது ஊசியிலும் ஓட்டை விழுந்தால் துணி வறண்டிருக்கிறது, ஃபினிஷிங்கில் சாஃப்ட்னர் போதவில்லை. அந்தத் துணியைப் பிராசஸிங்குக்குத் திருப்பி அனுப்புங்கள். கட் பண்ணிய பிறகு கண்டுபிடித்தால் திருப்ப முடியாது, அதனால் இந்தச் சோதனையை ஒவ்வொரு லாட்டிலும் கட்டிங்குக்கு முன்பே செய்யுங்கள்.

மற்றொருவர்: கிரீன் பெல்ட், பிளாக் பெல்ட், எதற்குச் சம்பளம் அதிகம்?

மேலே ஐடி நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஏற்றுமதி யூனிட் முதலாளி: நீங்கள் டெய்லரை விடுங்கள் என்கிறீர்கள். என் கம்பெனியில் டேமேஜ் பண்ணினால் கூலியில் பிடித்தம். அந்தப் பயம் இருப்பதால்தான் கொஞ்சமாவது ஒழுங்காகத் தைக்கிறார்கள்.

இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும் ஐயா. டெமிங் என்ற அமெரிக்கர் 1950ல் ஜப்பானுக்குப் போய்த் தரக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். தன் வகுப்புகளில் அவர் ஒரு சோதனை செய்து காட்டுவார். ஒரு பெட்டியில் வெள்ளை மணியும் சிவப்பு மணியும் கலந்திருக்கும், ஐந்தில் ஒன்று சிவப்பு. 50 குழி உள்ள கரண்டியால் அள்ள வேண்டும், சிவப்பு வரக்கூடாது என்று கட்டளை. குறைவாக வந்தவருக்குப் பாராட்டு, அதிகம் வந்தவருக்குத் திட்டு, கடைசியில் வேலை நீக்கம். அள்ளுகிறவர் எப்படி அள்ளினாலும் சிவப்பு வரத்தான் செய்யும். பெட்டிக்குள் சிவப்பைக் கொட்டியது நிர்வாகம்.

அதே முதலாளி: மணி வேறு, தையல் வேறு. மணி அள்ளத் திறமை வேண்டாம். தையலுக்கு வேண்டும்.

நியாயமான பேச்சு. புது டெய்லரும் 10 வருட டெய்லரும் ஒன்றல்ல. ஆனால் யார் உண்மையிலேயே வேறுபடுகிறார் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஒரே ஆபரேஷன் தைக்கும் ஒவ்வொருவரிடமும் 100 பீஸ் பார்க்கிறீர்கள், சராசரி 4 டேமேஜ் என்று வைப்போம். ஒருவருக்கு 7, ஒருவருக்கு 1. 7 வந்தவருக்குப் பிடித்தம் போடுவீர்கள். 1924ல் ஷூஹார்ட் என்ற அமெரிக்கர் போட்ட கட்டுப்பாட்டு வரைபடத்தின் கணக்குப்படி, தற்செயலாக ஏறி இறங்குவதற்கு இங்கே மேல் எல்லை கிட்டத்தட்ட 10. அதைத் தொடாதவரை அந்த 7க்கும் 1க்கும் ஆள் காரணம் என்று சொல்ல இடமில்லை. அடுத்த வாரம் இருவரும் இடம் மாறியிருக்கலாம். 10ஐத் தாண்டினால் போய்ப் பாருங்கள், அப்போதும் முதலில் மெஷினை.

15 வருட ஓவர்லாக் டெய்லர்: நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும் அண்ணா. பிடித்தம் இருந்த கம்பெனியில் ரிப் தப்பாக விழுந்த பீஸைப் பண்டல் நடுவில் வைத்துக் கட்டிவிடுவோம். யார் தைத்தது என்று யாருக்கும் தெரியாது. இப்போது இருக்கும் இடத்தில் பிடித்தம் கிடையாது. தப்பு விழுந்தால் நானே கையைத் தூக்கிக் கூப்பிடுவேன்.

நான் எழுதிய இரண்டு பதிலையும் விட இது பெரியது அம்மா. ஐயா, தயவுசெய்து இதை இரண்டு முறை படியுங்கள்.

அதே முதலாளி: படித்தேன். ஆனால் டேமேஜுக்காகப் பையர் பில்லில் டெபிட் போட்டுப் பணம் பிடித்தால் என் கையிலிருந்து போகிறது. அதை யார் தருவார்கள்?

உங்கள் வலி எனக்குத் தெரியும். ஏர் ஷிப்மெண்ட் போட்டு ஆர்டர் முழுவதும் நஷ்டமான இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். ஆனால் பீஸுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டில் டெய்லர்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆல்ட்ரேஷன் செய்யும் நேரத்துக்குக் கூலி ஏது?

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஒரு கம்பெனியில் குழந்தைகள் துணி ஆர்டர், வெள்ளைத் துணி. இடது தோளில் எண்ணெய்க் கறை. மூன்று டெய்லர்களுக்குப் பிடித்தம் போட்டோம், அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். கறை நிற்கவில்லை. பிறகுதான் தேதி வாரியாக எண்ணிப் பார்த்தேன். கறையில் பெரும்பகுதி திங்கட்கிழமை காலை பீஸ்களில். சனிக்கிழமை மெஷின் துடைத்து எண்ணெய் ஊற்றுவார்கள், ஞாயிறு முழுக்க அது ஊசிக் கம்பியில் இறங்கி நிற்கும், திங்கள் காலை முதல் பீஸில் சொட்டும். எண்ணெய் அளவைக் குறைத்து, காலையில் இரண்டு நிமிடம் வேஸ்ட் துணியில் ஓட்டச் சொன்னோம். நின்றுவிட்டது. பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். ஒரு அக்கா அதற்குள் வேலையை விட்டுப் போய்விட்டார், அவரிடம் கொடுக்க முடியவில்லை. இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது.

அதே முதலாளி: சரி. ஒரு லைனில் மட்டும் ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கிறேன். டேமேஜ் கூடினால் மறுபடியும் போடுவேன்.

முதல் வாரம் கூடத்தான் செய்யும், பயந்துவிடாதீர்கள். இதுவரை பண்டல் நடுவில் இருந்தது வெளியே வருகிறது. லைனுக்குள் எண்ணிக்கை ஏறி, ஃபைனல் செக்கிங்கில் இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டையும் தனித்தனியாக எழுதி வைக்காவிட்டால் இந்தச் சோதனையே வீண்.

சாஃப்ட்வேர் வாங்க நினைப்பவர்: லைனில் டேப்லெட் வைத்து டேமேஜ் பதியும் சாஃப்ட்வேர் வாங்கலாமா?

நோட்டில் ஒரு மாதம் எண்ணியிருக்கிறீர்களா? இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கட்டிங் மாஸ்டர்: ஒரே டீ-ஷர்ட்டில் கை ஒரு ஷேடு, பாடி ஒரு ஷேடு வருகிறது. சாயத்தில் என்ன மாற்றச் சொல்லலாம்?

சாய ரெசிப்பி என் துறை இல்லை, டையிங் லேப் ஆளைக் கேளுங்கள். உங்கள் டேபிளில் செய்ய வேண்டியது: ரோல் ரோலாக ஷேடு பிரித்து விரியுங்கள், லேயருக்கு லேயர் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், ஒரே நம்பர் கையும் பாடியும்தான் சேர வேண்டும். மறுசாயத்துக்கு மட்டும் அவசரப்பட்டுப் போகாதீர்கள். 2011ல் உயர் நீதிமன்றம் நம் ஊர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும், அதற்குப் பின் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்திகரிக்க என்ன செலவாகிறது என்பதையும் நீங்களே அறிவீர்கள்.

லைன் சூப்பர்வைசர்: ஸ்டைல் மாறும்போது அரை நாள் போகிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒரு டாக்டருக்கு இரண்டு டேபிள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த நோயாளி பக்கத்து டேபிளில் தயாராக இருப்பார். டாக்டர் திரும்பினால் போதும். ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ சொன்னதும் இதுதான்: மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியதை மெஷினை நிறுத்திவிட்டுச் செய்யாதே. துணியை மடித்துக்கொடுக்கும் ஃபோல்டர், நூல், ஊசி, சாம்பிள் பீஸ், கேஜ் மாற்றிய ஸ்பேர் மெஷின் எல்லாம் முந்தின நாள் சாயங்காலமே டிராலியில் இருக்க வேண்டும். அடுத்த மாற்றத்தை மொபைலில் வீடியோ எடுங்கள். டெய்லர்கள் சும்மா உட்கார்ந்திருக்க, மெக்கானிக் ஃபோல்டர் தேடி அலைவது எத்தனை நிமிடம் என்று எண்ணுங்கள்.

இன்னொருவர்: பிளாக் பெல்ட் ஆன்லைனில் முடித்தால் செல்லுமா?

மூன்றாவது முறை இந்தக் கேள்வி. இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன். ஒரு லைனில் 3 நாள் நின்று எண்ணிய நோட்டோடு வாருங்கள், பக்கம் பக்கமாகப் பேசலாம்.

அயர்னிங் பிரிவு: காலையில் முதல் 10, 20 பீஸில் பழுப்புப் புள்ளி. பிறகு வருவதில்லை.

ராத்திரி ஸ்டீம் பைப்பில் தங்கிய தண்ணீர் துருவோடு வருகிறது. காலையில் வால்வைத் திறந்து பைப்பிலிருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். பிறகு அயர்ன் பாக்ஸை வெள்ளை வேஸ்ட் துணியின் மேல் பிடித்து ஸ்டீம் அடியுங்கள். புள்ளி விழாமல் துணி சுத்தமாக வந்த பிறகு முதல் பீஸை எடுங்கள்.