விண்கலத்துக்கு ஈயக் கவசம் போதுமா?

கேள்வி: எக்ஸ்ரே அறைக் கதவில் ஈயத் தகடு பதிக்கிறார்களே, செவ்வாய்க்குச் செல்லும் விண்கலத்துக்கும் அதையே பதித்தால் கதிர்வீச்சு ஆபத்து தீர்ந்துவிடாதா?
– கல்லூரி மாணவி, குன்னூர்

பதில்: தீராது, கூடினாலும் கூடும். எக்ஸ்ரே ஒளியின் இனத்தைச் சேர்ந்தது என்பதால், எலக்ட்ரான்கள் நிறைந்த ஈயம் அதை எளிதில் விழுங்கிவிடுகிறது. ஆனால் விண்வெளியில் எதிர்ப்படும் காஸ்மிக் கதிர்கள், ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பாயும் புரோட்டான்களும், ஹீலியம் முதல் இரும்பு வரையிலான அணுக்கருக்களும் ஆகும். இவை ஈயத்தின் கனத்த அணுக்கருவில் மோதினால் அது சிதறி, நியூட்ரான்கள் உள்ளே இருப்பவர்கள் மீதே தெறிக்கும். எனவே, சிதறுவதற்குக் கனத்த கரு இல்லாத ஹைட்ரஜன் மிகுந்த பொருள்களே நல்ல கவசம்: தண்ணீர், பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக், ஏன், உணவு மூட்டைகளும்கூட.

இக்கதிர்களின் ஊடுருவும் ஆற்றலுக்குச் சான்று உங்கள் மலையிலேயே இருக்கிறது. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில், சதுர இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக நான்கு அடுக்குகளாகப் பரப்பி, அவற்றின் மேல் சுமார் 2 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் கட்டைகளைத் தலைகீழ்ப் பிரமிடாக அடுக்கியிருக்கிறார்கள். காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறப்பிக்கும் மியூவான்கள் என்ற நுண்துகள்கள் அத்தனையையும் துளைத்துக்கொண்டு குழாய்களில் பதிவாகின்றன. உங்கள் உள்ளங்கை வழியாகவும் நொடிக்கு ஒன்று என்ற அளவில் அவை கடந்துகொண்டுதான் இருக்கின்றன. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஊட்டியின் உயரத்திலும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கு மேலும் ஏறத்தாழ 8 டன் காற்று நின்று நம்மைக் காக்கிறது. அந்த எடையை எந்த ராக்கெட்டாலும் சுமந்து செல்ல முடியாது என்பதே சிக்கலின் வேர்.

2011–12இல் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குச் சென்றபோது அதிலிருந்த கருவி நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) அளந்தது. போகவும் வரவும் ஓராண்டு என்றால் ஏறக்குறைய 660 மில்லிசீவர்ட். ஒரு வீரர் தம் பணிக்காலம் முழுவதும் பெறலாம் என நாசா வகுத்துள்ள வரம்போ 600தான். ஆகவே சுவரைத் தடிமனாக்குவதைவிடப் பயண நாள்களைக் குறைப்பதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: சூரியப் புயலும் இதே வகைதானா?
– வாசகர், கோடைக்கானல்

பதில்: இல்லை. காஸ்மிக் கதிர்கள் ஓயாத தூறல் என்றால், சூரியன் துகள்களை உமிழும் இப்புயல் திடீரென்று கொட்டும் மழை. இதில் வரும் புரோட்டான்களுக்கு ஆற்றல் பெரும்பாலும் குறைவு என்பதால் கவசம் நன்றாகவே பலன் தரும். கவசத்துக்கு வெளியே அகப்பட்டால்தான் பேராபத்து. 1972 ஆகஸ்டில் வீசிய கடும் புயல், ஏப்ரலில் சென்ற அப்பல்லோ 16க்கும் டிசம்பரில் சென்ற 17க்கும் இடையில் வந்தது. அப்போது நிலவில் யாரும் நடமாடிக்கொண்டிருந்தால் கதிர்வீச்சு நோய்க்கே ஆளாகியிருக்கக்கூடும். நாசாவின் ஓரியன் விண்கலத்தில், இத்தகைய வேளையில் வீரர்கள் பொருள் வைக்கும் அறைகளுக்குள் பதுங்கி, பைகளைத் தங்களைச் சுற்றி அடுக்கிக்கொள்ளத் திட்டமிட்டிருக்கிறார்கள். வேகம் மிகுந்த புரோட்டான்கள் சில பத்து நிமிடங்களிலேயே வந்துவிடும் என்பதால், அடுக்க வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.